பழந்தெருக்களைப் புதுப்பிக்குமுன் செய்யவேண்டிய பரிசோதனை

கட்டி அறுபது, எழுபது ஆண்டுகள் கடந்த குடியிருப்புத் தெருக்கள் அநேக கிராமங்களில் உள்ளன. அவற்றைப் புனர்நிர்மாணம் செய்யவேண்டும் என்னும் யோசனை சங்கத்தில் எழும்பொழுது, கோணல் தெருவை நேராக்கிப் பழைய வீடுகளை இடித்துவிடலாம் என்ற பேச்சே முதலிற் கேட்கப்படுகின்றது. இடிப்பது ஒரு நாள் வேலை. இடித்த வீட்டிற்கு மாற்று வீடு கட்டுவதோ ஓர் ஏழைக் குடும்பத்திற்குப் பல ஆண்டுக் கடன். ஆகவே, எத்தனை வீடுகளை இடியாமல் தெருவைச் சீர்செய்யக்கூடும் என்பதையே அங்கத்தினர்கள் முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்விஷயத்தில் தஞ்சைக் கோட்டையின் வரலாறு நமக்கு நல்ல பாடமாகும். ஸ்காட்லாந்து தேசத்து அறிஞரான பாட்ரிக் கெட்டிஸ், சென்னைக் கவர்னராயிருந்த பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-ல் இந்தியா வந்து, சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைப் பார்வையிட்டார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கத்தைக் குறைக்கும்பொருட்டு, வீடுகளின் ஊடே நேரான தெருக்களை வெட்டும் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. கெட்டிஸ் அங்குள்ள சந்துகளை நேரிற் சோதித்தார். பழுதுபார்க்க இயலாத சில வீடுகளை மட்டும் நீக்கி, காலி மனைகளைத் திறந்தவெளியாக்கினால், முன்திட்டத்தினும் மிகக் குறைந்த செலவில் காற்றும் வெளிச்சமும் கிட்டும் என்று காட்டினார். தேர்ந்த ரண வைத்தியர் கெட்டுப்போன பாகத்தை மட்டும் அறுத்து உடலைக் காப்பது போன்றது இம்முறை. நம் தெருக்களுக்கும் இதுவே உகந்தது.

பரிசோதனைக்கு ஒரு கொத்தனார், ஒரு தச்சர், தெருவில் நெடுநாள் வாழ்ந்த ஒரு மூதாட்டி ஆகிய மூவரும் உடனிருத்தல் நலம். மழைநீர் எவ்வழியே வந்து எவ்வீட்டில் நுழையும் என்பதை வரைபடத்தைவிட அவ்வம்மையார் நன்கு அறிவார். கோடையில் ஒரு முறையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு முறையும் தெருவைப் பார்வையிடல் வேண்டும்.

1. தெருவின் மட்டம்: பழைய பாதையைக் கிளறாமல் மேலே மேலே சரளையும் தாரும் இட்டு வந்தால், தெரு உயர்ந்து வீட்டுத் தரை பள்ளமாகிவிடும். ரசமட்டங்கொண்டு தெருவையும் ஒவ்வொரு வீட்டு வாசற்படியையும் அளந்து குறிக்க. ஒரு குடம் நீரைச் சாக்கடையில் ஊற்றி, அது ஓடுகின்றதா, தேங்குகின்றதா என்பதையும் கவனிக்க.

2. சுவர்: எல்லா விரிசலும் அபாயமானவை அல்ல. மேற்பூச்சில் மயிரிழைபோல் ஓடுவது பெரும்பாலும் பூச்சின் குறையே. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல், அஸ்திவாரம் அமிழ்ந்ததைக் காட்டக்கூடும். விரிசலின் குறுக்கே சுண்ணாம்புக் காரையால் சிறு பட்டையிட்டுத் தேதி எழுதுக. மழைக்காலம் கழிந்தபின் பட்டை பிளந்திருந்தால், சுவர் இன்னும் அசைகின்றது என்று அறியலாம். சுவரின் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் ஈரம் ஏறுகின்றது என்பது பொருள். மண்ணாலும் சுண்ணாம்பாலும் எழுந்த பழஞ்சுவர்களின்மேல் சிமிட்டி பூசினால், அவ்வீரம் உள்ளேயே அடைபட்டுச் சுவரை மேலும் கெடுக்கும்.

3. மரமும் கூரையும்: உத்திரத்தின் நடுவைத் தட்டிப் பார்த்துத் திருப்தியடைதல் போதாது. சுவருக்குள் புதைந்த முனையே முதலில் உளுத்துப்போகும். அவ்விடத்தில் ஆணியை அழுத்திச் சோதிக்க. கறையான் மண் எங்கேனும் ஏறியிருக்கின்றதா என்றும் பார்க்க. ஓடு மாற்றினால் தீரும் ஒழுக்கையும், கைமரம் வளைந்ததால் உண்டாகும் ஒழுக்கையும் வேறு வேறாகக் குறிக்க.

4. கிணறு: குடிதண்ணீர்க் கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் கழிவுநீர்க் குழியோ மலக்குழியோ இருந்தால், அதனை மற்ற எல்லாவற்றிற்கும் முன்னதாகப் பதிவு செய்தல் வேண்டும்.

இவ்வாறு கண்டவற்றைப் பதிவேட்டில் எழுதி, வீடுகளை மூன்று வகையாகப் பிரிக்க: அவ்வாறே நிற்கத்தக்கவை, பழுதுபார்த்தால் நிலைக்கத்தக்கவை, உயிருக்கு அபாயமானவை. மூன்றாம் வகையில் எந்த வீட்டையும் சேர்க்குமுன், வீட்டுக்காரர் முன்னிலையில் இன்னொரு முறை சோதிப்பது நியாயம். பொறியாளர் ஒருவரின் அபிப்பிராயத்தையும் பெறல் வேண்டும்.

வேலைகளின் வரிசையும் முக்கியமானது. முதலில் கிணற்றின் பாதுகாப்பு. அடுத்துச் சாக்கடையும் குழாயும். பின்னர்க் கூரையும் சுவரும். கடைசியிலேயே தெருவின் மேற்பரப்பு. பாதையை முதலில் அழகாகப் போட்டுவிட்டுப் பின்னர்க் குழாய்க்காகத் தோண்டினால், சங்கத்தின் பணம் இருமுறை மண்ணில் விழும்.

மூன்றாம் வகை வீடுகளிற் குடியிருப்போர் பெரும்பாலும் கடன் வாங்கவும் சக்தியற்றவராய் இருப்பர். தனியே வாழும் முதியவளின் வீடு இடியத்தான் வேண்டும் என்று முடிவானால், அதே தெருவில் அல்லது அடுத்த தெருவில் அவளுக்கு இடம் ஏற்பாடு செய்தபின்னரே கடப்பாரையை எடுத்தல் வேண்டும். அண்டை வீட்டாரின் துணையே அவளுக்கு உள்ள சொத்து. அதனை இழந்தபின் வேறெங்கோ கிடைக்கும் நல்ல வீடு அவளுக்கு உதவாது.

பதிவேட்டைப் பொதுக்கூட்டத்தில் உரக்கப் படித்து, ஆட்சேபங்களைக் கேட்டபின் கடன்களை அனுமதிக்க. தன் வீட்டின் நிலையைத் தானே கண்டறிந்த அங்கத்தினர் வாங்கும் கடனும் அளவாயிருக்கும். அது திரும்பி வருவதும் எளிதாகும்.