மூன்று மெய், ஒரு பொய்

கதை எழுதுவதையும் கற்பிக்க முடியுமோ என்று நகைப்போர் உளர். நானும் நகைத்தவனே. 1969இல் நிறுவப்பெற்ற பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், கதை எழுதத் தொடங்குவோர்க்கான பாடமொன்றை இணையத்தில் இலவசமாய் வழங்குகின்றது. 8 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம். கொப்பியொன்றைக் கையோடு கொண்டு திரிந்து, கண்டதையும் கேட்டதையும் குறிக்கச் சொல்கிறார்கள்.

பின்னர் ஒரு பயிற்சி. ஒரு மெய்யும் மூன்று கற்பனையும் கலந்து ஒரு பந்தி. மூன்று மெய்யும் ஒரு கற்பனையும் கலந்து மற்றொன்று. முன்னது எளிதில் முடிந்தது. மற்றதில் காலஞ்சென்ற தந்தையாரைப் பற்றி எழுதினேன். அவருடைய குடை, சாய்மனைக் கதிரை, இருமல் மூன்றும் மெய். என் பரீட்சைப் பெறுபேற்றைக் கண்டு அவர் புன்னகைத்தார் என்பது கற்பனை.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"மாமா சிரித்ததை எனக்கு ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லையே!" என்றாள்.