போறணைக்குள் தொண்ணூறு விநாடி

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் ஃபோர்செல்லா என்றொரு பழைய பகுதி. சந்தும் சந்தடியுமான இடம். அதையொட்டிய செசாரே செர்சாலே தெருவில் 1930 முதல் இருக்கிறது ‘தா மிக்கேலே’ என்ற பீட்சா கடை. நெடுங்காலம் அங்கே இரண்டே வகைதான் கிடைத்தன. மரினாராவில் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய். மார்கரீட்டாவில் தக்காளி, சீஸ், பேசில் இலை. பேசில் வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம்தான். கறி கிடையாது, மீனும் கிடையாது. மரினாரா என்பது கடலோடிகளின் பெயரால் வந்தது என்றாலும் அதில் ஒரு நெத்திலிகூட இல்லை.

‘சுத்த சைவம்’ என்று பலகை மாட்டாத சைவக் கடை என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கணக்குப்படி அந்த இரண்டில் ஒன்றுதான் தேறும். அந்த வழக்கைப் பிறகு எடுக்கிறேன். முதலில் அடுப்பைப் பார்த்துவிடுவோம். பீட்சாவின் பாதி ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

இத்தாலியர் அதை ஃபோர்னோ என்கிறார்கள். போர்த்துக்கீசியர்களும் அப்படியேதான் சொல்வார்கள். அவர்கள் இலங்கையில் விட்டுச்சென்ற அந்தச் சொல்தான் ஈழத்தமிழில் போறணை ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் பாண் வேகிற போறணையும் நேப்பிள்ஸில் பீட்சா வேகிற ஃபோர்னோவும் பெயரில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதனால் இங்கே அதைப் போறணை என்றே சொல்லப் போகிறேன்.

செங்கல்லாலும் மண்ணாலும் கட்டிய தாழ்வான குவிமாடம் அது. முன்னால் ஒரு சின்ன வாய். உள்ளே ஒரு பக்கமாக ஓக், பீச் போன்ற புகை குறைந்த கட்டைகள் எரியும். நேப்பிள்ஸ் பீட்சாவின் முறைகளைக் காக்க 1984இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் கணக்கில் போறணையின் தளம் 380 முதல் 430 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மேல்வளைவு 485 டிகிரி. வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி. இவ்வளவு சூட்டைக் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பதில்லை. மூட்டியதும் குவிமாடத்தின் உட்புறம் கரிபிடித்துக் கறுத்துப்போகும். சூடு ஏற ஏற அந்தக் கரியும் எரிந்து, கல் மறுபடி வெளுக்கும். வெளுத்துவிட்டால் போறணை தயார்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் சூடு மூன்று வழியாக வந்து சேர்கிறது. தளத்திலிருந்து தொட்டுக் கடப்பது ஒன்று. குவிமாடத்தை உரசிச் சுழலும் அனல்காற்று இன்னொன்று. வளைந்த கூரை கீழ்நோக்கி வீசும் கதிர்வீச்சு மூன்றாவது. கணப்பருகே முகம் காய்வது போல பீட்சாவின் முகம் காய்வது இதனால்தான். மேலே தக்காளிச் சாறு ஈரமாக இருப்பதால், அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை நடுப்பகுதியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். விளிம்பில் சாறு இல்லை. அங்கே மாவுக்குள் இருக்கும் நீரும் ஈஸ்ட் விட்ட காற்றும் சட்டென்று விரிந்து, பூரி மாதிரி உப்பி, சிறுத்தைப் புள்ளிகளாகக் கருகும்.

சரி, 400 டிகிரி தளத்தில் வைத்த மாவின் அடி ஏன் கரியாகவில்லை? காப்பியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் விரல் சுடுகிறது. அதே காப்பியை மண்குவளையில் ஊற்றினால் பிடிக்க முடிகிறது. உலோகம் தன் சூட்டை ஒரேயடியாக அள்ளிக் கொடுக்கும். சுட்ட மண் கஞ்சத்தனமாகத்தான் கொடுக்கும். இரு இயற்பியலாளர்களும் உணவு மானிடவியலாளர் ஒருவரும் சேர்ந்து 2018இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 330 டிகிரி செங்கல் போறணையில் இரண்டு நிமிடத்தில் பீட்சா பதமாக வெந்துவிடும். இரும்புத் தட்டு வைத்த மின் அடுப்பில் அதே சூட்டை வைத்தால் அடி தீய்ந்துவிடும். 230 டிகிரிக்கு இறக்கி 170 விநாடி விட வேண்டும். அதற்குள் ஈரம் கூடுதலாகப் போய்விடும். என் வீட்டு மின் அடுப்பில் நான் செய்தது ஏன் ரஸ்க் மாதிரி வந்தது என்பது இதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

போறணை முன்னால் துடுப்போடு நிற்பவரின் வேலை இதைவிட நுட்பம். நெருப்பு ஒரு பக்கம்தான் என்பதால் பீட்சாவைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பலாம், இடம் மாற்றக் கூடாது. பீட்சா உட்கார்ந்த கல் கொஞ்சம் சூடு இழந்திருக்கும். பக்கத்துக் கல்லோ முழுச் சூட்டில் காத்திருக்கும். அங்கே நகர்த்தினால் அடி கருகும். அதனால் தூக்கி, சுழற்றி, அதே இடத்தில் வைப்பார்கள். நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைவினையை யுனெஸ்கோ 2017இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

இனி வழக்குக்கு வருவோம். மாவில் கோதுமை, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர எதுவும் இல்லை. பழங்காலத்தில் பன்றிக்கொழுப்புத் தடவிய பீட்சா ஒன்று நேப்பிள்ஸில் உண்டு. அதை விட்டுவிடுவோம். மார்கரீட்டாவின் சிக்கல் சீஸில் இருக்கிறது.

எலுமிச்சை பிழிந்து திரித்த பன்னீரைப் போறணையில் வைத்தால் உருகாது. கட்டி கட்டியாக வறளும். புளிப்பும் கொதியும் பாலின் புரதத்தை அவிழாதபடி இறுக்கிவிடுகின்றன. மொசரெல்லாவுக்கு வேறு வழி. பாலில் கேசின் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டைக்கும் மேலே மயிர் போன்ற ஒரு போர்வை. அதுதான் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி வைக்கிறது. கைமோசின் என்ற நொதி அந்த மயிரை மட்டும் மழித்துவிடும். உருண்டைகள் ஒட்டிப் பால் உறையும். மெல்லப் புளிக்கவிட்டு, கொஞ்சம் கால்சியம் கழன்றதும் வெந்நீரில் போட்டுப் பிசைந்தால், ஜவ்வு மிட்டாய் போல இழுபடும். இழுத்துக் கிள்ளி எடுப்பதால் வந்த பெயர்தான் மொசரெல்லா.

அந்தக் கைமோசின் வழிவழியாக எங்கிருந்து வந்தது? பால்குடி மாறாத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து. கன்றை அறுத்தால்தான் கிடைக்கும். அதன் பெயர் ரென்னட். காம்பானியாவின் எருமைப்பால் மொசரெல்லாவுக்கான சட்டவிதியே கன்றின் ரென்னட்டைத்தான் சொல்கிறது. பார்மிஜானோவும் அப்படித்தான். பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி. இத்தாலிய வழக்கில் சீஸ் என்றால் கறி இல்லை, அவ்வளவுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை, கோடு கிழித்த இடம் வேறு.

மாற்று இல்லாமல் இல்லை. ஒரு வகைப் பூஞ்சைக் காளான் இதே வேலையைச் செய்யும் நொதியைச் சுரக்கிறது. கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் பொருத்தி வளர்த்தெடுத்த கைமோசினுக்கு அமெரிக்கா 1990இல் அனுமதி தந்தது. போர்ச்சுகலின் செர்ரா த எஸ்ட்ரேலா சீஸை ஒரு முட்செடியின் பூவால் உறைய வைக்கிறார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் சர்க்கரை நோய்க்கென்று விற்கும் பன்னீர்ப்பூவுக்கும் பாலை உறைய வைக்கும் குணம் உண்டு. ஆனால் செடி நொதிகள் புரதத்தைக் கண்டபடி வெட்டுவதால் நாளாக ஆகக் கசப்புத் தட்டும். நம் ஊர்ப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் கன்று சம்பந்தப்படவில்லை என்று நம்பி வாங்கலாம். நகரத்தில் சைவ பீட்சா கடை திறப்பவர் அடுப்புக்கு அடுத்தபடி கவலைப்பட வேண்டியது இந்தப் புள்ளியைப் பற்றித்தான்.

நேப்பிள்ஸ் போகிற சைவக்காரருக்கு இவ்வளவு விசாரணையும் தேவையில்லை. ‘மரினாரா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். பூண்டு சேர்க்காதவராக இருந்தால்தான் திண்டாட்டம்.