எத்தனை லீவர்? எத்தனை சர்வோ?

நம்ம திண்டுக்கல்ல பூட்டு வாங்க வர்ற பெருசுங்களைக் கவனிச்சிருக்கீங்களா? பளபளப்பைப் பார்த்து மயங்கவே மாட்டாங்க. கையில வாங்கி எடை பார்த்துட்டு, ‘எத்தனை லீவர்?’னு ஒரே ஒரு கேள்வி. வெளியே தெரியாத அந்தத் தகடுகள்தான் பூட்டோட உயிர். 2019-ல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர்க்காரங்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனா, ரோபோ வாங்கும்போது எங்களுக்கு இந்த ஊர் புத்தி வரலையே பாஸ்!

போன செமஸ்டர் லீவுல, புரோகிராம் பண்ணக்கூடிய மனித வடிவ ரோபோ கிட் ஒண்ணு வாங்கினோம். நாலு பேர், ஆளுக்கு நாலாயிரம். அதுல ஒருத்தியோட பங்கு, அவங்க அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசு. ‘17 மூட்டு, டான்ஸ் ஆடும்’னு வீடியோவுல பார்த்ததோட சரி, வேற எதையும் விசாரிக்கலை. கூரியர்ல பெட்டி வந்துச்சு. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கினோம். மூணாம் நாள் எழுந்து நின்னு வணக்கம் வெச்சப்போ லேடீஸ் ஹாஸ்டலே விசிலடிச்சது. அந்த ஜோர்ல முட்டியை மடக்கி ஒத்தைக் காலில் நிக்க வெச்சோம். ஒரு நிமிஷம்கூட ஆகலை... வலது முட்டியிலிருந்து பிளாஸ்டிக் கருகுற வாசனை!

‘‘அம்மாகிட்ட என்னடி சொல்றது?’’னு அவ கேட்டா. யார்கிட்டயும் பதில் இல்லை.

எதனால கருகுச்சுன்னு அப்புறம்தான் கணக்குப் போட்டோம். நீங்க காசு கட்டுறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. விலை குறைஞ்ச கிட்ல பெரும்பாலும் வர்றது எம்.ஜி.996ஆர் வகை சர்வோ மோட்டார். 4.8 வோல்ட்டில் இதோட திறன் 9.4 கிலோ-சென்டிமீட்டர். அதாவது, அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 9.4 கிலோவைத் தாங்கும். 10 செ.மீ. தள்ளினா ஒரு கிலோவைக்கூடத் தாங்காது. அதுவும், மோட்டார் திணறி நின்னே போற கடைசி எல்லையைத்தான் அந்த நம்பர் சொல்லுது. ரொம்ப நேரம் சூடாகாம ஓடணும்னா, மூணுல ஒரு பங்கு சுமைதான் நல்லது. மலிவான நகல் மோட்டார்களில் ஸ்டிக்கரில் போட்டிருக்கற திறனே கிடைக்காது.

இந்த சர்வோ ஒண்ணு 55 கிராம். 17-க்கு 935 கிராம். அலுமினியச் சட்டம், பேட்டரி எல்லாம் சேர்த்தா ஒண்ணே முக்கால் கிலோ வந்துடும். முட்டிக்கு மேல மட்டும் 1.4 கிலோன்னு வைங்க. முட்டி மடங்கி, அந்த எடை 4 செ.மீ. தள்ளி விழுந்தா 5.6 கிலோ-சென்டிமீட்டர். பாவம், அந்த மோட்டார் என்ன பண்ணும்?

அதனால, மூட்டு எத்தனைன்னு பார்க்காதீங்க. ஜப்பானோட கோண்டோ நிறுவனம் 2004-ல் கொண்டு வந்த கே.ஹெச்.ஆர்-1 ரோபோவுக்கும் 17 சர்வோதான். எண்ணிக்கை ஒண்ணு, மோட்டார் வேற!

இன்னொரு விஷயம், சர்வோ திருப்பிப் பேசுமா? சாதா சர்வோவுக்கு ‘90 டிகிரி திரும்பு’ன்னு சிக்னல் அனுப்பலாம். திரும்பினதா, பாதியில மாட்டிக்கிச்சா, கொதிக்குதான்னு அது சொல்லவே சொல்லாது. கொரியாவின் ரோபோட்டிஸ் நிறுவனத்தோட ஏ.எக்ஸ்-12ஏ மாதிரியான பஸ் சர்வோக்கள் தன் கோணம், சூடு, வோல்டேஜ் எல்லாத்தையும் திருப்பிச் சொல்லும். எங்க ரோபோவுல அது இருந்திருந்தா, சூடு ஏறும்போதே நிறுத்தியிருப்போம். ஆனா அது ஒண்ணு வாங்குற காசுக்குச் சாதா சர்வோ பத்துக்கு மேலயே வாங்கலாம். 17-ம் அதையே போடுறது நம்ம பர்ஸுக்கு ஆகாத காரியம்!

பேட்டரியிலயும் பல பேர் கோட்டை விடுறாங்க. ஒரு எம்.ஜி.996ஆர் திணறி நிக்கும்போது 2.5 ஆம்பியர் இழுக்கும். ஆறு சேர்ந்து திணறினா 15 ஆம்பியர். இதை ஆர்டுயினோ போர்டோட 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்க நினைச்சீங்கன்னா, போர்டு ரீசெட் ஆகி ரீசெட் ஆகி ரோபோ வலிப்பு வந்த மாதிரி உதறும். மோட்டாருக்குத் தனி சப்ளை, கிரவுண்டு மட்டும் பொது.

அந்த வீடியோ டான்ஸ் இருக்கே, அது முன்கூட்டியே பதிஞ்சு வெச்ச போஸ்களோட வரிசை, அவ்வளவுதான். சாயுறதை உணர எம்.பி.யு-6050 மாதிரி ஒரு சென்சார் இல்லைன்னா, தரை லேசா சரிஞ்சிருந்தாலே தலைவர் குப்புற விழுவார். அதனால, சென்சார் சேர்க்க போர்டுல இடம் இருக்கா, புரோகிராமை நாமே மாத்த முடியுமா, இல்லை மொபைல் ஆப்பில் பட்டன் தட்ட மட்டும்தானான்னு கேளுங்க.

என் கட்சி என்னன்னா, முதல் ரோபோவுக்கு 17 மூட்டு வேண்டவே வேண்டாம். ஓட்டோன்னு ஒரு குட்டி இருக்கு. ரெண்டு கால், நாலே சர்வோ. டிசைனும் புரோகிராமும் எல்லாருக்கும் இலவசம். உடம்பை 3டி பிரிண்டர்ல எடுத்துக்கலாம். மோட்டார் போனாலும் ஒரு பிரியாணி காசுல புதுசு. பார்க்க டப்பா மாதிரிதான் இருக்கும், ஆனா நடையோட சூட்சுமம் புரிஞ்சிடும். பெரிய ஆசை இருந்தாலும் தப்பில்லை. டெல்லியில் உருவாகி, ஐ.ஐ.டி. பாம்பே டெக்ஃபெஸ்ட்ல நடமாடிய ‘மானவ்’ ரோபோவோட உடம்பும் 3டி பிரிண்டரில் வந்ததுதான்.

எங்க கதைக்கு வர்றேன். புது சர்வோ முந்நூத்தி சொச்சத்துக்குக் கிடைச்சது. நெளிஞ்சுபோன அலுமினியத் தகடுதான் தனியா எங்கேயும் கிடைக்கலை. நாகல்நகர் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறை அண்ணன்கிட்ட உடைஞ்ச துண்டைக் காட்டினோம். அளவெடுத்து, அறுத்து, துளை போட்டு, அரமும் போட்டு அரை மணி நேரத்தில் கையில கொடுத்துட்டார். கிட்டோட வந்த தகட்டைவிட இது கெட்டி!

அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், ‘‘அடுத்த சீட்டு மார்ச்லதான். அதுவரைக்கும் அதை ஒத்தைக் கால்ல நிக்க வைக்காதீங்கடி’’ன்னுட்டாங்க.