சந்திரோதயமும் நாழிகைக் கணக்கும்

சந்திரன் இரவுக்கே உரியது என்னும் எண்ணம் மாணவரிடையே பரவலாக உள்ளது. எனினும் பௌர்ணமி கழிந்த ஒரு வாரத்தில், பள்ளி தொடங்கும் காலை வேளையில் மேற்கு வானை நோக்கினால் வெளிறிய அரைச்சந்திரனை யாவரும் காணலாம். எந்நாளில் எவ்வேளை சந்திரன் தோன்றும் என்பதைத் தோராயமாக அறியத் திதி ஒன்றே போதும்.

சூரியனை விட்டுச் சந்திரன் நாள்தோறும் சுமார் 12 பாகை கிழக்கே விலகுகிறது. ஒரு திதி என்பதும் 12 பாகை விலக்கமே. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே ஒரு திதிக்கு 48 நிமிடம், அதாவது 2 நாழிகை.

திதியின் எண்ணை இரண்டால் பெருக்குக. சூரியன் மறைந்தபின் அத்தனை நாழிகையில், வளர்பிறையாயின் சந்திரன் மறையும், தேய்பிறையாயின் உதிக்கும். இது திதி முடியும் வேளைக்குப் பொருந்தும். தொடங்கும் வேளையாயின் 2 நாழிகை குறைத்துக்கொள்க.

ஹைதராபாத் நகரை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்நகரோ அதற்குச் சுமார் 4 பாகை மேற்கே உள்ளது. ஆதலின் அங்குச் சூரியோதயமும் அஸ்தமனமும் கடிகாரத்தில் 16 நிமிடம் பிந்துகின்றன. பகலும் இரவும் ஒத்த நாட்களில் அஸ்தமனம் ஏறக்குறைய மாலை 6-20 மணி. தேய்பிறைச் சதுர்த்தி முடியும் வேளைக்கு 8 நாழிகை, அதாவது 3 மணி 12 நிமிடம் கூட்டினால், சந்திரோதயம் இரவு 9-30 மணியளவில் என்றாகும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்போர் இரவு வரை காத்திருப்பதன் காரணம் இதுவே. அமாவாசைக்கு மறுநாள் பிறையோ, பெரும்பாலும் அஸ்தமனத்துக்குப் பின் ஒரு மணி நேர அளவிலேயே மறைந்துவிடும். ரமலான் பிறை காண விழைவோர்க்கு அச்சிறு வேளையே வாய்ப்பு.

இக்கணக்கு சராசரியே என்பதை மறத்தலாகாது. சந்திரனது பாதை நீள்வட்டமாகவும் சாய்வாகவும் இருப்பதால், நாளொன்றுக்குரிய தாமதம் ஏறத்தாழ 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி வரை மாறும். ஹைதராபாத் நிஜாமியா வான்நோக்ககத்தில், சந்திரன் விண்மீன்களை மறைக்கும் கணங்கள் குறிக்கப்பெற்றன. சந்திரனது இருப்பைச் செம்மையாகக் கணிக்க இத்தகைய குறிப்புகள் பயன்படுகின்றன. நுட்பமான நேரம் வேண்டுவோர் மத்திய அரசின் ராஷ்டிரீய பஞ்சாங்கத்தை நோக்குக.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு ஒரு பட்சம் முழுவதும் சந்திரன் தோன்றும் அல்லது மறையும் நேரத்தைக் குறிக்கச் செய்யலாம். இரவில் கிராமங்களுக்குச் செல்லும் களப்பணியாளர்க்கும், நிலவொளி எப்போது கிட்டும் என முன்னறிய இக்கணக்கு உதவும்.