பழைய ஹார்ட் டிஸ்க்கில் சிக்கிய போட்டோக்களை எடுப்பது எப்படி? இந்த பட்டனை மட்டும் அழுத்தாதீங்க!

பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஹார்ட் டிஸ்க் நல்லா இருந்தால், அதிலுள்ள போட்டோக்களைப் புதிய கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம்.

என்ன தேவை?
'சாட்டா டு யூஎஸ்பி' கேபிள். லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்கிற்குப் பெரும்பாலும் இதுவே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்கிற்கு 12 வோல்ட் பவர் அடாப்டரும் வேண்டும்.

எங்கே தேடுவது?
புதிதாகத் தெரியும் டிரைவில், 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரைத் திறங்க. அனுமதி இல்லை என்று வந்தால் 'கன்டினியூ' கொடுங்க. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ தேவை.

உஷார்!
'ஃபார்மட்' செய்யச் சொன்னால் 'கேன்சல்' கொடுங்க. ஓகே கொடுத்தால் அத்தனை ஃபைல்களுக்கும் ஆபத்து. 'டிக் டிக்' சத்தம் தொடர்ந்து கேட்டால் உடனே கழற்றிவிட்டு, டேட்டா ரெக்கவரி நிபுணரிடம் கொண்டு போங்க.