வெற்றிடம் என்ற கதையாடல்: ஸ்வார்த்தாமாரன் பறவைகள்

அண்டார்க்டிகாவை யாருமில்லாத இடம் என்றே வாசித்துப் பழகியிருக்கிறோம். வரைபடத்தில் அது வெள்ளை. வெள்ளை என்றால் காலி. காலி என்றால் யார் வேண்டுமானாலும் பேர் வைக்கலாம். அங்கே ட்ரோனிங் மாட் நிலம் என்கிற பகுதியை 1939 ஜனவரியில் நார்வே தனதென்று அறிவித்தது. அதே மாதம் ஹிட்லரின் ஜெர்மனி அனுப்பிய விமானங்கள் ஸ்வஸ்திகா பொறித்த உலோக அம்புகளை அங்கே வீசிக்கொண்டிருந்தன. ஜெர்மன் விமான அமைச்சகத்து அதிகாரி ஒருவரின் பேர் ஒரு மலைத்தொடருக்கு வந்து சேர்ந்தது: மூலிக்-ஹோஃப்மன். இன்றும் அதே பேர்தான்.

அந்த மலைகளில் ஸ்வார்த்தாமாரன் என்றொரு பாறைச்சரிவு. கடலிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உள்ளே, சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். கடல்பறவைக்கு அங்கே என்ன வேலை? அண்டார்க்டிக் பெட்ரலுக்கு வேண்டியது பனி மூடாத தரை. அந்தக் கண்டத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால், வடகிழக்கு பார்த்த இந்தச் சரிவு கோடையில் வெறுங்கல்லாகக் கிடக்கிறது. நவம்பர் கடைசியில் கற்களுக்கிடையே ஒரே முட்டை. ஒன்று பட்டினியோடு அடைகாக்க, மற்றது கடலுக்குப் போய் நாட்கணக்கில் கிரில்லும் மீனும் தேடித் தின்றுவிட்டுத் திரும்பும். முட்டை போனால் அந்த வருஷம் போச்சு, மறுமுட்டை கிடையாது. அங்குள்ள ஸ்குவாக்கள் கடல்பக்கம் போவதேயில்லை. குஞ்சு வளர்க்கும் காலம் முழுக்கப் பெட்ரல்களைத் தின்றே பிழைக்கின்றன.

பனிப் பெட்ரல் இன்னொரு காரியம் செய்கிறது. மிரட்டினால் வயிற்று எண்ணெயை உமிழும். பொந்து வாசலில் அது அடுக்கடுக்காக மெழுகுபோல் உறைகிறது. முமியோ என்கிறார்கள். கார்பன் காலக்கணிப்பில் 30,000 ஆண்டுகளைத் தாண்டும் அடுக்குகள் மாட் நிலத்தில் கிடைத்திருக்கின்றன. அம்பு வீசியவர்களுக்கு முன்பே அங்கே ஆவணம் இருந்திருக்கிறது.

1985 முதல் 2020 வரை ஸ்வார்த்தாமாரனில் ஆண்டுதோறும் 20,000 முதல் 2,00,000 வரை அண்டார்க்டிக் பெட்ரல் கூடுகள், சுமார் 2,000 பனிப் பெட்ரல் கூடுகள், நூற்றுக்கு மேல் ஸ்குவா கூடுகள். 2021 டிசம்பரிலும் 2022 ஜனவரியிலும் பனிப்புயல்கள் சரிவை மூடிவிட்டன. முட்டை வைக்கத் தரையில்லை. அந்தப் பருவத்தில் அடைகாத்த அண்டார்க்டிக் பெட்ரல்கள் மூன்று. பனிப் பெட்ரல் விரல்விட்டு எண்ணும் அளவு. ஸ்குவா கூடு பூஜ்யம்.

"பறவை சாகலையே, முட்டைதானே போடல?" என்றார் நண்பரொருவர். நியாயந்தான். பெட்ரல் நெடுநாள் வாழும், ஒரு பருவம் தவறினால் இனம் அழிந்துவிடாது. புயலில் கொஞ்சம் குஞ்சுகள் போவதும் புதிதல்ல. ஆனால் இங்கே யூட்டுல்செஸன் உட்பட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் ஒரு தலைமுறை பிறக்கவே இல்லை.

"அங்க யாரும் போறதில்லையே, பின்ன எப்படி?" உண்மை, அனுமதியின்றி அந்தச் சரிவில் மனிதர் கால்வைக்கக்கூடாது, ஒப்பந்தப்படி சிறப்புப் பாதுகாப்புப் பகுதி அது. சூடேறிய காற்று அதிக ஈரம் சுமக்கும், குளிர்ந்த இடத்தில் அது பனியாகத்தான் விழும் என்றேன். ஒரு புயலை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாதென்றும் சொன்னேன். அவர் வரைபடத்தை இழுத்து, இதில் அந்த இடம் எங்கே என்று கேட்டார்.