எறும்பைவிட எறும்பு மருந்துக்குப் பயப்படுங்கள்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். ராகியும் கொள்ளும் நிலக்கடலையும் விளையும் மலையோர ஊர். இந்தப் பக்கத்து வீடுகளில் ராகி மூட்டை ஒரு மூலையில் இருக்கும், வெல்லம் ஒரு டப்பாவில் இருக்கும், கைக்குழந்தை இருந்தால் விட்டத்தில் தூளி தொங்கும். ஒரு மழை பிடித்தால் போதும், எறும்பு உள்ளே வந்துவிடும். அப்படி வரும் எறும்பால் பெரும்பாலும் பெரிய கெடுதல் இல்லை. அதைக் கொல்லத் தூவும் பொடியும் சுவரோரம் கிழிக்கும் சாக்பீஸும்தான் கவலை தருகின்றன. தவழும் குழந்தையின் கை முதலில் படுவது அந்தச் சுவரோரத்தில்தான்.

ஏன் வருகிறது?

மழையில் புற்றுக்குள் தண்ணீர் புகுந்தால் எறும்பு முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறது. கோடையில் ஈரம் தேடிக் குளியலறைக்கும் தண்ணீர்ப் பானை அடிக்கும் வருகிறது. மற்ற நாட்களில் இரைதான் காரணம்: சிந்திய சர்க்கரை, எண்ணெய்ப் பிசுக்கு, செத்த கரப்பான், குழந்தை கக்கிய பால்.

முதலில் வருவது வேவு பார்க்கும் ஓரிரு எறும்புகள். இரை கிடைத்ததும் திரும்பும் வழியெல்லாம் வயிற்றைத் தரையில் ஒற்றி ஒருவகை வாசனையை விட்டுப் போகின்றன. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மற்றவை வருகின்றன. ஒவ்வொன்றும் அதைப் புதுப்பிப்பதால் சாரை தடிக்கிறது. நிலைப்படியில் ஓடும் சாரையின் குறுக்கே சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்துப் பாருங்கள். இருபுறமும் எறும்புகள் நின்று, மீசையை ஆட்டி, வழி தெரியாமல் அலையும். கையால் நசுக்கிக் கொன்றால் வாசனை அப்படியே கிடக்கும், கொஞ்ச நேரத்தில் அடுத்த சாரை வந்துவிடும். அதனால் இரையை எடுங்கள், பிறகு சாரை வந்த தடம் முழுவதையும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், அது புகுந்த விரிசலைச் சிமெண்டாலோ களிமண்ணாலோ அடையுங்கள். மருந்தே இல்லாமல் பாதி வேலை முடிந்துவிடும்.

பொடியும் சாக்பீஸும்

பூச்சி சாக்பீஸ்களில் பெரும்பாலும் சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பார்வைக்குப் பள்ளிக்கூட சாக்பீஸ் போலவே இருப்பதால் பிள்ளைகள் எடுத்து எழுதுகிறார்கள், வாயிலும் வைக்கிறார்கள். பழைய பேர்வழியான கெமாக்சின் பொடி இன்னும் மோசம். அதே குடும்பத்தைச் சேர்ந்த லிண்டேனின் தயாரிப்பை இந்தியா 2011-லும் பயன்பாட்டை 2013-லும் தடைசெய்துவிட்டது. நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பு வரவைக்கக்கூடிய நஞ்சு அது. பெயரும் சீட்டும் இல்லாமல் பொட்டலத்தில் விற்கும் எந்தப் பொடியையும் வாங்காதீர்கள். ராகி மூட்டையைச் சுற்றித் தூவுவது, சாப்பாட்டில் தூவுவதற்குச் சமம்.

மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால் போரிக் ஆசிட் இரை நல்லது. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் அரை டீஸ்பூன் மட்டும் கலந்து, பஞ்சில் நனைத்து, துளை போட்ட மூடி டப்பாவுக்குள் வைக்க வேண்டும். அளவைக் கூட்டினால் எறும்பு புற்றுக்குப் போகும் முன்பே சாகும். குறைவாக இருந்தால்தான் கொண்டுபோய் ராணிக்கும் ஊட்டும். பலன் தெரிய ஓரிரு வாரம்கூட ஆகலாம். இதுவும் குழந்தைக்கு நஞ்சுதான். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் வேண்டாம். யாராவது தெரியாமல் எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தூளியும் தண்ணீர்க் கிண்ணமும்

தூளியில் கிடக்கும் குழந்தை திடீரென வீறிட்டு அழுதால் முதலில் கயிற்றைப் பாருங்கள். விட்டத்திலிருந்து கயிறு வழியாகச் சித்தெறும்பு இறங்கியிருக்கும். பால் கக்கிய துணியை அன்றன்றைக்கே துவையுங்கள். கயிற்றின் மேல்முனையில் வேப்பெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றிக் கட்டினால் ஓரளவு தடுக்கும்.

பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது நம் பாட்டிகள் கண்ட அருமையான வழி. ஆனால் தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் இருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள்.

எறும்பு விழுந்த பாலைக் குடித்தால் கண் நன்றாகத் தெரியும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எறும்பு சாக்கடையிலும் குப்பையிலும் நடந்த காலோடுதான் பாத்திரத்துக்கு வருகிறது.

கடித்தால்

பிள்ளையார் எறும்பு ஒன்றும் செய்யாது. செவ்வெறும்பு கடித்தால் எரியும், தடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணியை ஒற்றுங்கள், சொறியாதீர்கள். கடித்த சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடோ கண்ணோ வீங்கி, மூச்சு இழுத்தால் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். காதுக்குள் புகுந்தால் குச்சி விட வேண்டாம். காதில் சீழோ ஓட்டையோ இல்லாதவர்கள் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மருத்துவரிடம் போகலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் எறும்பு அரிப்பதே தெரியாது. அவர்கள் காலைத் தினமும் வேறொருவர் பார்க்க வேண்டும்.

செடியோடு வரும் எறும்பு

2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவார ஊர்களில் மஞ்சள் நிற எறும்புகள் பெருகி, ஆடுமாடுகளின் கண்ணைப் பாதித்ததாகவும் தங்கள் தோலில் அரிப்பு வந்ததாகவும் மக்கள் முறையிட்டார்கள். இவை கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவில் ஒரு கோடிக்கும் அதிகமான சிவப்பு நண்டுகளைக் கொன்ற இனமும் இதுதான். மண், மரம், செடி ஆகியவற்றோடு இவை ஊர்விட்டு ஊர் போகும். ஓசூர் நர்சரியில் தொட்டிச் செடி வாங்கினால் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.

கழிப்பறையில் மொய்த்தால்

சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்பதில் உண்மை இருக்கிறது. ரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை கசியும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் எறும்பு வரும், பயப்பட வேண்டாம். எறும்பு வரவில்லை, ஆகவே எனக்குச் சர்க்கரை இல்லை என்று இருந்துவிடுவதுதான் தவறு. ஆரம்பக் கட்டத்தில் எறும்புக்கு எதுவும் தெரியாது, ரத்தப் பரிசோதனைக்குத்தான் தெரியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீடு தேடி வரும் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.